தொலைக்காட்சி நாடகமும் கோசைன் அலையும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் தொடர் நாடகத்தின் 'தி லாங் நைட்' என்ற பகுதியை வெளியிட்டது. 82 நிமிடங்கள் ஓடும் அந்தப் பகுதி முழுவதும் இரவுப் போர். பனி, புகை, தீப்பந்தங்கள், இருளில் பாயும் படைகள். பல வாரங்கள் இரவு இரவாகப் பாடுபட்டு எடுத்த காட்சிகள் அவை. ஆனால் பார்த்தவர்களில் ஏராளமானோர், "ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். சிலர் திரையில் கறுப்புக் கட்டங்கள் மிதந்ததாகவும், வானம் படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரிந்ததாகவும் கூறினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ, தாம் எடுத்த படத்தில் குறையில்லை என்றும், படம் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியிலும் பெட்டிகளின் அமைப்பிலும்தான் கோளாறு என்றும் விடை அளித்தார்.

வழியில் என்னதான் நடந்தது? இதை அறிந்துகொண்டால், கடந்த இருபது ஆண்டுகளில் தொலைக்காட்சி நாடகத்தின் உருவமே ஏன் மாறிப்போனது என்பதும் ஓரளவு விளங்கிவிடும். சற்றுப் பின்னோக்கிச் சென்று தொடங்குவோம்.

வான்வெளியில் ஒரு குறுகிய தெரு

பழைய முறைத் தொலைக்காட்சியில் படத்தின் ஒளிச்செறிவுக்கு ஏற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒரு வானொலி அலையின் மேல் ஏற்றி அனுப்பினார்கள். அமெரிக்காவில் ஒரு படத்துக்கு 525 வரிகள். நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இதற்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை வேண்டியிருந்தது. ஓர் ஊரின் வான்வெளியில் இப்படிப்பட்ட தெருக்கள் சிலவே உண்டு. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஒலிபரப்பினால் நம் படம் கலங்கும். ஆகவே இடைவெளி விடவும் வேண்டும். ஒரு தெருவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம்.

நாடகத்தின் இலக்கணம் இங்கேதான் பிறந்தது. ஒரே வண்டி என்பதால் நேரத்தைப் பங்கு போட்டார்கள். வியாழன் இரவு 9 மணிக்கு ஒரு நாடகம் என்றால் அது 10 மணிக்கு முடிந்தே ஆகவேண்டும். விளம்பரங்கள் போக அமெரிக்க நாடகத்துக்குக் கிடைத்தது 42 முதல் 44 நிமிடங்கள். விளம்பரம் வருமுன் ஒரு திடுக்கிடும் கட்டம் இருந்தால்தான் மக்கள் எழுந்து போகாமல் இருப்பார்கள். ஆகவே கதையை நான்கைந்து துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு முடிச்சு வைத்தார்கள். ஒரு வாரம் தவறவிட்டவர் அடுத்த வாரம் தடுமாறக்கூடாது என்பதால், பெரும்பாலான நாடகங்களில் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதையாகவே முடிந்தது. இவற்றையெல்லாம் எழுத்தாளர்களின் விருப்பம் என்று எண்ணிவிடாதீர்கள். 6 மெகாஹெர்ட்ஸும் சுவர்க் கடிகாரமும் எழுதிய விதிகள் அவை!

சேமித்து வைப்பதும் எளிதாக இல்லை. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரை 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளில், மூன்று காமிராக்களால் எடுத்தார்கள். செலவு மிகுதி. ஆனால் படச்சுருள் இருந்ததால் அதை எத்தனை முறையும் மறு ஒளிபரப்புச் செய்ய முடிந்தது. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காந்த நாடாவில் படத்தைப் பதியும் கருவியை வெளியிட்டது. இரண்டு அங்குல அகல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓட, நான்கு பதிவுமுனைகள் அமைந்த சக்கரம் நிமிடத்துக்கு 14,400 சுற்றுகள் சுழன்று அதன் குறுக்கே வரிவரியாக எழுதும். நாடாவின் பெருமை, அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பது. அதுவே அதன் சாபமும் ஆயிற்று. பி.பி.சி. நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' நாடகத்தில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை.

படத்தை எண்ணாக்கினால்

இனி 'டிஜிட்டல்' என்னும் இலக்க முறைக்கு வருவோம். படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் எண்களாக எழுதுவதே இம்முறை. கொள்கை எளிது, எண்களின் அளவுதான் மலைக்க வைக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1920 நிரல்களும் 1080 வரிகளும் உண்டு. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 'பிட்' வீதம் ஒரு புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 24 படங்கள். ஆக நொடிக்குச் சுமார் 119 கோடி பிட்! அமெரிக்காவின் இலக்க முறை ஒலிபரப்பில் 6 மெகாஹெர்ட்ஸ் தெருவில் போகக்கூடியதோ நொடிக்கு 1.9 கோடி பிட் மட்டுமே. நாம் இணையத்தின் வழியே காணும் உயர்தெளிவு நாடகம் நொடிக்கு 50 லட்சம் பிட் அளவிலேயே வந்துவிடுகிறது. அதாவது ஏறக்குறைய 240இல் ஒரு பங்கு. எஞ்சிய 239 பங்கு எங்கே போயிற்று?

மார்கழி மாதத்தில் ஒரு பெண் தன் தோழிக்குக் கோலம் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். "15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி" என்பாள். புள்ளி ஒவ்வொன்றும் தரையில் எங்கே விழவேண்டும் என்று அவள் பட்டியல் போடுவதில்லை. ஒழுங்கு இருக்குமிடத்தில் விதியைச் சொன்னால் போதும். படத்தைச் சுருக்குவதும் இவ்வாறே.

முதலில், நம் கண் ஒளி வேறுபாட்டை நுட்பமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் காணாது. ஆகவே நிறச் செய்தியை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவில் அனுப்பினால் போதும். இதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 24இல் ஒரு நொடிதான் இடைவெளி. இருவர் அமர்ந்து பேசும் காட்சியில் உதடும் கண்ணும் அசையும், சுவர் அசையாது. வகுப்பில் வராதவர்களை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆசிரியரைப் போல, மாறியதை மட்டும் அனுப்பலாம்.

மூன்றாவது வழிதான் இயற்பியல் மாணவருக்குச் சுவையானது. படத்தை 8 வரி, 8 நிரல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். இந்த 64 எண்களையும் வெவ்வேறு அதிர்வெண் உள்ள 64 கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். வீணை நாதத்தை அடிப்படைச் சுரமும் மேற்சுரங்களும் சேர்ந்த கலவையாகப் பிரிக்கிறோம் அல்லவா, அதே கணிதம். பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு: இயல்பான காட்சிகளில் மெதுவாக மாறும் சில அலைகளே பெரியவை. வேகமாக ஏறி இறங்கும் அலைகள் பெரும்பாலும் சுழியை ஒட்டியவை. அவற்றை விட்டுவிட்டாலும் கண் ஏமாந்துபோகும்.

இந்தக் கோசைன் மாற்று முறையை 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அப்போது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்; நடராஜன் அவருடைய ஆராய்ச்சி மாணவர். இந்த எண்ணத்துக்காக 1972இல் அந்நாட்டு அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார் நசீர் அகமது, கிடைக்கவில்லை. இருந்தும் அவர் விடவில்லை. இன்று ஒளிப்படக் கோப்பு, காணொளி அழைப்பு, தொலைக்காட்சி நாடகம் என எதை எடுத்தாலும் அடியில் இந்தக் கோசைன் மாற்றோ, அதன் வழிவந்த ஒன்றோ ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்க நாடகம், பெருந்தொற்றால் பிரிந்து காணொளி அழைப்பில் இணையும் ஒரு குடும்பத்தின் கதைக்கிடையே நசீர் அகமதின் கதையையும் நடித்துக் காட்டியது. தன்னைச் சுமந்துவரும் சமன்பாட்டின் ஆசிரியரையே ஒரு நாடகம் பாத்திரமாக்கியது அழகான செயல்தான்.

இருட்டின் கணக்கு

இப்போது அந்த இருண்ட போர்க்களத்துக்குத் திரும்பலாம். 8 பிட் முறையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே வழக்கமாக 220 படிகளே பயன்படுகின்றன. காட்சி முழுவதும் இந்த அளவின் அடிப்பத்தில் ஒரு பங்கிலேயே அமைந்துவிட்டால் கைக்குக் கிடைப்பவை 22 படிகள். 1920 நிரல் அகலமுள்ள திரையில் இடப்பக்கம் கரிய வானம் சிறிது சிறிதாக வெளுத்து வலப்பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920ஐ 22ஆல் வகுத்தால் 87. ஆக வானம் 87 நிரல் அகலமுள்ள பட்டைகளாக, புடைவைக் கரைபோல் வெட்டித் தெரியும். காமிராவில் இயல்பாக வரும் மணல் போன்ற நுண்ணிய கலக்கம் இந்த வெட்டுகளை மறைத்துவிடும். ஆனால் அந்தக் கலக்கம் வேகமாக ஏறி இறங்கும் அலைகளால் ஆனது; சுருக்கும் கருவி முதலில் தூக்கி எறிவதே அதைத்தான். மேலும், பனித்தூளும் புகையும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு ஒழுங்கில்லாமல் மாறுபவை. 'மாறியதை மட்டும் அனுப்பு' என்ற தந்திரம் அங்கே பலிப்பதில்லை. இருள், பனி, புகை, தீ, வேகம் ஆகியவை ஒரே காட்சியில் கூடினால் சுருக்கும் கருவிக்கு அதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. என் கருத்தில் ஒளிப்பதிவாளர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆயினும் படம் இந்தக் குழாய் வழியாகத்தான் போகும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டியதே.

குழாய் என்றதும் இன்னொன்று. இணைய வழி நாடகம் தொடக்கத்தில் மங்கலாக வந்து சில நொடிகளில் தெளிவதைக் கண்டிருப்பீர்கள். நாடகத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சுருக்கிக் கணினிகளில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கருவி, போன துண்டு எவ்வளவு விரைவில் வந்தது என்று அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. வந்த துண்டுகள் ஒரு சேமிப்பில் தங்கிப் பிறகு ஓடுகின்றன. நகராட்சிக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மேல்நிலைத் தொட்டி இருந்தால் வீட்டுக் குழாயில் சீராக வருகிறதல்லவா?

கடிகாரம் கழன்றது

வான்வழி ஒலிபரப்பில் ஒரே அலையை ஒருவர் பிடித்தாலும் பத்து லட்சம் பேர் பிடித்தாலும் செலவு ஒன்றே. இணைய வழியில் ஒவ்வொருவருக்கும் தனிப்பிரதி போகவேண்டும். பத்து லட்சம் பேர் பார்த்தால் நொடிக்கு 5 லட்சம் கோடி பிட்! இயற்பியல் நோக்கில் இது ஊதாரித்தனமே. ஆனால் இந்த ஊதாரித்தனத்தால் ஒரு விடுதலை கிடைத்தது. தனிப்பிரதி என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டியதில்லை. ஒரே நேரம் இல்லையென்றால் 9 மணியும் இல்லை, 44 நிமிடமும் இல்லை.

குறுந்தகடுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2007இல் இணைய வழிக் காட்சியைத் தொடங்கியது. பி.பி.சி.யின் 'ஐபிளேயர்' சேவையும் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 2013 பிப்ரவரி முதல் நாள் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' நாடகத்தின் 13 பகுதிகளையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டது. 1990இல் பி.பி.சி. வாராவாரம் காட்டிய அதே பெயருள்ள நாடகத்தைத் தழுவியது அது. வாரப் பத்திரிகைத் தொடருக்கும் முழுப் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். நாடகத்தில் அது ஒரே நாளில் நடந்தது. "சென்ற வாரம் நடந்தது" என்று நினைவூட்ட வேண்டியதில்லை. முதல் பகுதியில் விதைத்ததை எட்டாம் பகுதியில் அறுவடை செய்யலாம். நீளமும் கட்டறுந்தது: 2022இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் பருவத்தின் இறுதிப் பகுதி இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கட்டறுந்தது எல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்லமாட்டேன். 44 நிமிடத்தில் சொல்லவேண்டும் என்ற நெருக்கடியே பல நாடகங்களைக் கச்சிதமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் விளம்பரங்களோடு கூடிய மலிவுக் கட்டணத்தைத் தொடங்கியது. போன விருந்தாளி பெட்டியோடு திரும்பிவந்துவிட்டார்.

ஒலிக்கும் பல தடங்கள் வைக்கலாம் என்பதால் மொழி வேலிகளும் தாழ்ந்தன. ஒன்பது பகுதிகள் கொண்ட கொரிய நாடகமான 'ஸ்குவிட் கேம்' 2021இல் உலகெங்கும் பார்க்கப்பட்டது. 2022 ஜூனில் அமேசான் பிரைம் வெளியிட்ட 'சுழல்' என்ற தமிழ்த் தொடரும் இவ்வழியே பல மொழிகளுக்குச் சென்றது.

எடுக்கும் முறையும் மாறியது. 1000 அடி படச்சுருள் 11 நிமிடங்களில் தீர்ந்துபோகும். ஒவ்வோர் அடிக்கும் காசு. 2007இல் 'ரெட் ஒன்', 2010இல் 'அலெக்சா' என வந்த இலக்க முறைக் காமிராக்களில் அந்தக் கவலை இல்லை. 'ஹவுஸ்' என்ற மருத்துவ நாடகத்தின் 2010 மே மாதப் பகுதி ஒன்றை, ஒளிப்படக்காரர்கள் தோளில் மாட்டும் கேனன் காமிராவாலேயே எடுத்தார்கள். இடிந்த கட்டடத்துக்குள் நெருக்கிப் படமெடுக்க அதுதான் வசதியாயிற்று. 2019இல் 'தி மாண்டலோரியன்' நாடகத்துக்கு, நடிகர்களைச் சுற்றி 20 அடி உயரமுள்ள ஒளியுமிழ் டயோடு சுவரை 270 பாகை வளைவாக நிறுத்தி, அதில் பாலைவனத்தையும் வானத்தையும் ஒளிரவிட்டார்கள். நாயகனின் பளபளக்கும் உலோகக் கவசமே காரணங்களுள் ஒன்று. பச்சைத் திரை முன் நிறுத்தினால் கவசமெங்கும் பச்சை எதிரொளிக்கும். இங்கோ மாலைச் சூரியனே எதிரொளித்தது.

யாருக்கு எவ்வளவு

ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சில வீடுகளில் அளந்து மதிப்பிட்டார்கள். அந்த எண்ணை எல்லாரும் அறிவார்கள். இணையமோ இருவழிப் பாதை. நீங்கள் எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அந்த நாடகத்தை எழுதியவருக்குத் தெரியாது. முன்பு மறு ஒளிபரப்புத்தோறும் எழுத்தாளருக்குப் பங்கு வந்தது. இணைய வழியிலோ எத்தனை கோடி முறை பார்த்தாலும் பெரும்பாலும் வரையறுத்த ஒரு தொகைதான். ஆண்டுக்கு 22 பகுதிகள் எழுதிய இடத்தில் 8 அல்லது 10 பகுதிகள் என்றானபோது வேலை நாட்களும் சுருங்கின. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாட்கள், அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்குச் சமமான பார்வைகள் முதல் 90 நாட்களில் கிட்டினால் ஊக்கத்தொகை என்பது உடன்பாட்டில் இடம்பெற்றது. பார்வைக் கணக்கைச் சங்கத்திடம் இரகசியமாகக் காட்டவும் நிறுவனங்கள் இசைந்தன.

அழியாத எண்கள் அழிவது

எண்கள் தேயாதவை. நாடா நைந்துபோகும், எண் நையாது. அப்படியானால் இனி எந்த நாடகமும் அழியாது என்றுதானே தோன்றுகிறது? நிலைமை வேறு.

1987 முதல் 1994 வரை வந்த 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' நாடகத்தை 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தார்கள்; ஆனால் வெட்டி ஒட்டும் வேலையை 525 வரி நாடாவில் செய்தார்கள். 2012இல் உயர்தெளிவு வட்டுகளாக வெளியிட முனைந்தபோது, நாடாவில் இல்லாத நுட்பத்தை எந்தக் கணக்கினாலும் வரவழைக்க முடியவில்லை. மூலச்சுருள்களைத் தேடியெடுத்து ஏழு பருவங்களையும் மீண்டும் வெட்டி ஒட்டினார்கள். அந்தச் செலவுக்கு அஞ்சி, அதே முறையில் எடுத்த 'டீப் ஸ்பேஸ் நைன்' நாடகத்தை இதுவரை முழுமையாகத் தொடவில்லை. இழந்த செய்தி இழந்ததுதான். இன்று நம் வீட்டுக்கு வரும் 240இல் ஒரு பங்குக்கும் இதே விதி பொருந்தும்; முழுமையான மூலம் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது.

'டாக்டர் ஹூ'வின் காணாமற்போன ஒன்பது பகுதிகள் 2013இல் நைஜீரியாவில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. பி.பி.சி. தன் நாடாக்களை அழித்தாலும், வெளிநாடுகளுக்கு விற்ற படச்சுருள் பிரதிகள் ஏதோ ஒரு நிலையத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. இணைய வழியில் வரும் நாடகத்துக்கு அப்படி ஓர் அலமாரி இல்லை. பூட்டுக் கணிதத்தால் மறைத்த துண்டுகள் நம் தொட்டிக்கு வருகின்றன, ஓடுகின்றன, அழிகின்றன. 'வில்லோ' என்ற நாடகத்தின் முதற்பகுதி 2022 நவம்பர் 30ஆம் நாள் டிஸ்னி நிறுவனத்தின் சேவையில் வெளிவந்தது. 2023 மே 26ஆம் நாள் அதே நிறுவனம் அதை எடுத்துவிட்டது. ஆறு மாதம்கூட நிறையவில்லை. கணக்குப் புத்தகத்தில் செலவைக் குறைக்கும் முயற்சிதான்; எழுதியவர்களும் நடித்தவர்களும் தம் உழைப்பைப் பிறருக்குக் காட்ட வழியின்றி நின்றார்கள். 2023 இறுதியில் அந்நிறுவனம் 'லோகி', 'வாண்டாவிஷன்', 'தி மாண்டலோரியன்' ஆகிய நாடகங்களை வட்டுகளாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் 'வில்லோ' இல்லை.